நாலாம் நம்பர் பேரிங்

கார் ரிப்பேர்த் தொழிலில் ஒரு சௌகரியம், கார் பொய் சொல்லாது. ஒரு தொல்லை, அது தனியாக வராது, கூடவே ஓர் ஆளையும் அழைத்து வரும். இந்தத் தொழிலில் கை கறுத்தவர்களுக்கும், ஆசைப்பட்டு ஒரு பழைய காரை வாங்கிவிட்டு ஒர்க்ஷாப் வாசலே கதியென்று கிடந்தவர்களுக்கும் நான் சொல்லப்போவது நன்றாகவே புரியும். மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள். பஸ்ஸில் போங்கள்.

ஜொகூர் பாருவில், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், ஒரு சீனர் நடத்திய ஒர்க்ஷாப்பில் நான் எஞ்ஜின் பிரிக்கிற ஆள். சிங்கப்பூருக்குப் பாலம் போட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்த முப்பதுகளின் காலம். அங்கே பெரிய மனிதர்கள் ஓட்டிக் கழித்துப்போட்ட கார்களெல்லாம் பாலத்தைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து, வாடகைக் காராக இரண்டாவது பிழைப்புப் பிழைக்கும். அப்படி வந்த ஒரு பச்சை நிற அமெரிக்கக் கார், துணிக்கூரை போட்டது, ஒரே ஒரு பேரிங்கை வைத்துக்கொண்டு என்னை ஆட்டிப்படைத்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

சத்தம் எப்படிப்பட்டது?

எஞ்ஜினில் வரும் சத்தத்தை உள்ளபடி சொல்லத் தெரிந்த வாடிக்கையாளர்கள் மிகவும் குறைவு. ஒருவர் வந்து, "சோளம் பொரியுற மாதிரி இருக்கு" என்பார். வண்டியை ஓட்டிப் பார்த்தால் மட்கார்டு ஆணி கழன்று ஆடிக்கொண்டிருக்கும். இன்னொருவர் உதட்டைக் குவித்து வாயாலேயே வாசித்துக் காட்டுவார். கச்சேரி நன்றாகத்தான் இருக்கும். வண்டிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது.

சிங்காரம் அப்படி இல்லை. ஜொகூர் பாருவுக்கும் கூலாய்க்கும் நடுவே அந்தப் பச்சைக் காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தவன். பல வருடம் பிறர் வண்டி ஓட்டி மிச்சம் பிடித்துச் சொந்தமாக வாங்கியது. அதனால் அதன் மேல் ஒரு தாய்ப்பாசம். முதல் தடவை வந்தபோதே, "உள்ள யாரோ கதவத் தட்டுற மாதிரி இருக்குண்ணே. மேட்டுல ஏறினா வேகமாத் தட்டுறாங்க" என்றான். இதைவிடச் சரியாக ஒரு பேரிங் போனதை யாரும் சொல்ல முடியாது. அடியில் ஆயில் சட்டியைக் கழற்றினேன். முன்னாலிருந்து எண்ணினால் நாலாவது பேரிங், அதாவது டிரைவர் காலுக்குப் பக்கத்தில் இருப்பது, உருகி வழிந்திருந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. எஞ்ஜினுக்குள் நாலு பிஸ்டன். ஒவ்வொன்றுக்கும் ஒரு இரும்புக் கை. அந்தக் கை கீழே சுழலும் தண்டைப் பிடித்துக்கொள்கிற இடத்தில் மெத்தை போல ஓர் ஈயப் பூச்சு இருக்கும். அதுதான் பேரிங். அந்தக் காலத்துக் கார்களில் ஒவ்வொரு கைக்கும் நுனியில் ஒரு சின்னக் கரண்டி, அடியில் ஒரு சின்ன ஆயில் தொட்டி. கை சுழலும்போது கரண்டி தன் தொட்டியிலிருந்து ஆயிலை மொண்டு தனக்கே அபிஷேகம் செய்துகொள்ளும். தொட்டியில் ஆயில் இல்லையென்றால் ஈயம் உருகிவிடும், கை தளர்ந்துவிடும், உள்ளே யாரோ கதவைத் தட்டுவார்கள். அவ்வளவுதான்.

"பேரிங்தானேப்பா, ஊத்திக் குடுத்திர்றேன். மூஞ்சிய ஏன் இப்படித் தொங்கப் போடுற?" என்றேன். அவன் தன் கதையைச் சொன்னான். கூலாயில் கடை வைத்திருக்கும் வீராசாமி என்பவர் தன் மகள் பாக்கியத்தை இவனுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆனால் கார் ஒரு நாள் அவர் சரக்கோடு நடுரோட்டில் நின்றுவிட்டது. தைக்குள் வண்டி உருப்படியாக ஓடினால் கல்யாணம். இல்லையென்றால் செகாமட்டில் ஒரு கங்காணியின் மகன் தயாராக இருக்கிறான். இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, என் கையிலிருந்த உருகிய ஈயத்தைப் பார்த்துக்கொண்டே சிங்காரம் சொன்னான்: "நீங்க கையில வச்சிருக்கிறது பேரிங் இல்லண்ணே, என் கல்யாணம்."

தவுக்கேயின் யோசனை

பேரிங்குக்கு ஈயம் ஊற்றுவது சமையல் மாதிரி. சூடு குறைந்தால் ஒட்டாது, கூடினால் உதிர்ந்துவிடும். ஊற்றி, ஆறவைத்து, சுழலும் தண்டில் நீலச்சாயம் தடவி, அதில் மாட்டிக் கழற்றி, நீலம் ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டியால் சுரண்டி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றி... பெண் பார்க்கப் போகிறவன்கூட அத்தனை தடவை முகத்தைச் சவரம் செய்துகொள்ள மாட்டான். கல்யாண விஷயம் என்பதால் நான் வழக்கத்தைவிடப் பதமாகவே செய்தேன். சிங்காரம் சந்தோஷமாகப் போனான்.

சில வாரங்களில் திரும்பி வந்தான். ஒரு திங்கட்கிழமை. அதே சத்தம், அதே நாலாம் நம்பர். மற்ற மூன்றும் கண்ணாடி மாதிரி இருந்தன. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. என் ஈயத்திலேயே எனக்குச் சந்தேகம். மறுபடி ஊற்றினேன், மறுபடி சுரண்டினேன். சுழலும் தண்டு எங்காவது நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா என்று அளந்தேன். தொட்டி நசுங்கியிருக்கிறதா, கரண்டி வளைந்திருக்கிறதா என்று விரல்விட்டுத் தடவினேன். எல்லாம் ஒழுங்கு.

தவுக்கே, அதாவது எங்கள் முதலாளி, நல்ல மனிதர். கோபம் வந்தால் அவருக்குக் குரல் உயராது, தலை மட்டும் மெதுவாக ஆடும். பச்சைக் காருக்கு அடியில் நான் மல்லாந்து கிடப்பதை வந்து குனிந்து பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டே மலாயில் சொன்னார்: "இந்த வண்டிக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிப்போச்சு லா. அடியிலயே ஒரு கட்டில் போட்டுத் தரவா?"

வியாதி யாருக்கு?

மூன்றாவது தடவை ஈயம் ஊற்றிக்கொண்டிருந்தபோது, தன் காரை எடுத்துப்போக வந்த கிராணியார் ஒருவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம். அவருக்கு எஞ்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது அவருக்கே தெரியும் என்பதால் எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். யாரிடமாவது புலம்பினால் தேவலை போலிருந்தது. புலம்பினேன்.

"மேடு ஏறினால் ஆயில் பின்பக்கம் ஓடும் ஐயா. முதல் நம்பர் தொட்டிதான் காயும். அது போனால் எனக்குப் புரியும். நாலாம் நம்பர் காயவேண்டுமென்றால் வண்டி இறக்கத்தில் போகவேண்டும். ஆனால் இறக்கத்தில் எஞ்ஜினுக்குச் சுமையே இல்லையே? கீழே இறங்கிக்கொண்டே மலை ஏறுகிற மாதிரி இழுக்கவேண்டும், அதுவும் மணிக்கணக்காக. அப்படி ஒரு ரோடு ஜொகூரில் எங்கே இருக்கிறது?"

கிராணியார் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். அப்புறம் தூரத்தில் தன் காரின் விளக்கை முந்தானை கிடைத்தால் அதாலேயே துடைப்பவன்போலத் துடைத்துக்கொண்டிருந்த சிங்காரத்தையும் சிறிது நேரம் பார்த்தார். அவன் துடைப்பான், நிறுத்துவான், கூலாய்ப் பக்கம் பார்த்துப் பெருமூச்சு விடுவான், மறுபடி துடைப்பான். கிராணியார் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்: "தம்பி, உந்த வாகனத்துக்கு ஒரு வியாதியும் இல்லை. ஓட்டுறவனுக்குத்தான் ஏதோ இருக்குது. அவனைக் கழட்டிப் பாரும்."

காரமான ஆயில்

கழற்றிப் பார்க்க அவசியம் இல்லாமல், அடுத்த தடவை ஆயிலே பேசியது. மறுபடியும் ஒரு திங்கட்கிழமை. மறுபடியும் நாலாம் நம்பர். ஆயில் சட்டியைத் திறந்ததும் எனக்குத் தும்மல். என்னை விலக்கிவிட்டுக் குனிந்த தவுக்கேக்கும் தும்மல். கண்ணெல்லாம் எரிந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். என்னைத் திட்டாதீர்கள், ஆயிலை ருசி பார்க்காத மெக்கானிக் உண்டா? நல்ல மிளகாய்க் காரம். கூடவே கொஞ்சம் மல்லி வாசனை. ஒரு கோழி இருந்தால் குழம்பு வைத்திருக்கலாம்.

"என்னப்பா இது?" என்றேன். சிங்காரம் கழுத்துவரை சிவந்து, "சாப்பாட்டுக் கேரியர் கொட்டியிருக்கும்ண்ணே" என்றான். சாப்பாட்டுக் கேரியர் கொட்டினால் சீட் நாறும்; எஞ்ஜினுக்குள் எப்படிப் போகும்? சரி, ஆயில் விற்றவன்தான் எதையோ கலந்திருக்கிறான் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த நாளில் கலப்படத்துக்குப் பஞ்சமில்லை. தேங்காய் எண்ணெய் கலந்த ஆயிலைப் போட்டு, போகிற வழியெல்லாம் பலகாரம் சுடுகிற வாசனை அடித்துக்கொண்டு வந்த ஒரு லாரியை நானே பார்த்திருக்கிறேன்.

சிங்காரம் ஆயில் வாங்குகிற கடை பஜாரில் ஒரு நாகூர் ராவுத்தருடையது. தகரக் குவளையில் அந்தக் கார ஆயிலைக் கொண்டுபோய் அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். மோந்தார், தும்மினார், குவளையை மரியாதையாக எனக்கே திருப்பிக் கொடுத்தார். கோபப்படவே இல்லை. "தம்பி, தண்ணி கலந்தேன்னு சொல்லுங்க, மண்ணெண்ணெ கலந்தேன்னு சொல்லுங்க, வாயத் தொறக்க மாட்டேன். மொளகாத்தூள் விக்கிற வெலைக்கு அதப் போயி ஆயில்ல கொட்டுவேனா?"

மெர்சிங் ரோடு

இனி கூடவே போய்ப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அரசாங்கக் கந்தோர் மூடினால் அதை நம்பிப் பிழைக்கும் எங்கள் ஒர்க்ஷாப்பும் மூடும். புதிதாக ஈயம் ஊற்றிய காரில் சிங்காரத்துக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "மெர்சிங்குக்கு விடு" என்றேன். கோத்தா திங்கியைத் தாண்டினால் அந்த ரோடு காட்டுக்குள் ஏறும், இறங்கும், வளையும், மறுபடி ஏறும். ஒரு பேரிங்குக்குச் சாக விருப்பம் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது.

சாகவில்லை. கார் பாடிக்கொண்டே போயிற்று. சிங்காரம் ஓட்டுவதை நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தேன். மேட்டில் சமயத்துக்கு கியர் மாற்றினான். இறக்கத்தில் எஞ்ஜினை அணைத்துப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற புத்தியும் இல்லை. குழந்தையைத் தூக்கிப்போகிறவன்போல ஓட்டினான். மெர்சிங்கில் கடலோரம் ஒரு மலாய்க் கடையில் மீன் வறுவலோடு சோறு சாப்பிட்டோம். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே பாக்கியத்தைப் பற்றிப் பேசினான். பேசினான் என்றால், அவளோடு இதுவரை பேசியதே இல்லை என்பதைத்தான் ஒரு மணி நேரம் பேசினான். கல்யாணம் ஆகாமல் பெண் வீட்டுக்குள் போவது முறையில்லையாம். தூர இருந்து பார்ப்பதோடு சரியாம். இவனுக்காக நானே போய் வீராசாமியிடம் மன்றாடலாமா என்றிருந்தது எனக்கு.

திரும்பும் வழியில்தான் எனக்கு அந்தத் திங்கட்கிழமைகள் உறைத்தன. வண்டி கெட்டு வந்ததெல்லாம் திங்கட்கிழமை. அப்படியானால் விவகாரம் ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது. எங்களுக்கு ஞாயிறு வேலை நாள் என்பதால், அன்றைக்கு அவன் என்ன செய்கிறான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "ஞாயித்துக்கெழமையில எங்கப்பா ஓட்டுற?" என்று கேட்டேன். பொய் சொல்லத் தெரியாத பையன். ரோட்டைப் பார்த்தபடியே பதில் சொன்னான்: "ஞாயித்துக்கெழமை எங்கயும் போக மாட்டேண்ணே. அன்னிக்கு வண்டி நின்ன எடத்துலயே நிக்கும்."

நின்ற இடத்தில்

அடுத்த ஞாயிறு தவுக்கேயிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ரயிலேறிக் கூலாய்க்குப் போனேன். தோட்டங்களுக்கு ஞாயிறுதான் லீவு. அன்றைக்குத்தான் பெண்கள் மிளகாயும் மல்லியும் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குள் வருவார்கள். ஸ்டேஷனில் இறங்கி வீராசாமி கடை எங்கே என்று கேட்க வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. தும்மல் வந்த பக்கமாக நடந்தேன். கடைக்குப் பின்புறம் பெண்கள் வரிசையாகக் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன்.

பச்சைக் கார் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது, அவன் சொன்ன மாதிரியே. ஆனால் பின்பக்கத்தை ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு. அச்சுக்கு அடியில் என் இடுப்பு உயரத்துக்கு மரக்கட்டை. ஒரு பின்சக்கரத்தைக் கயிற்றால் கட்டிப்போட்டு, மற்றதன் டயரைச் சுற்றிப் பெல்ட் மாட்டி, அந்தப் பெல்ட் ஓர் அரைச்சுவருக்கு மேலாக உள்ளே போய் மாவு மில்லைச் சுற்றிக்கொண்டிருந்தது. வீராசாமியின் மில்லுக்கு இருந்த எண்ணெய் எஞ்ஜின் வெடிப்பு விட்டதிலிருந்து மருமகனாகப் போகிறவன் காரே எஞ்ஜின். சுவரில் பெல்ட் உரசக்கூடாதென்று அத்தனை உயரம். காலையிலிருந்து பொழுது சாயும்வரை எஞ்ஜின் முக்கி முனகி மிளகாய் அரைக்கிறது, பறக்கிற தூளை ஆயில் ஊற்றும் குழாய்வழியே மூச்சோடு உள்ளே இழுத்துக்கொள்கிறது. மூக்கு தரையைப் பார்க்கிறது. ஆயில் முழுக்க முன்பக்கம் ஓடி முதல் தொட்டிக்குள் நீச்சலடிக்க, நாலாம் நம்பர் தொட்டி வறண்டு கிடக்கிறது. கீழே இறங்கிக்கொண்டே மலை ஏறும் ரோட்டை நான் ஜொகூர் முழுக்கத் தேடினேன். அது ஒரு கடைக் கொல்லையில் இருந்தது.

அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மில்லுக்குள் மிளகாயைத் தள்ளிக்கொண்டிருந்தாள். முகத்தில் துணி கட்டியிருந்ததால் கண்கள் மட்டும் தெரிந்தன. டிரைவர் சீட்டில் சரிந்து உட்கார்ந்திருந்த சிங்காரம் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முறைப்படி அவன் அந்த வீட்டுக்கு வரமுடியாது. எஞ்ஜினாக வந்தால் யார் கேட்பது? பத்தடி தூரத்தில் சாய்வு நாற்காலியில் இருந்த வீராசாமி, வரிசையில் இருந்தவர்களிடம், அந்தச் சத்தத்துக்கு மேல் சத்தமாக, இந்தக் கார் சரியில்லை, இதை நம்பிப் பெண் கொடுக்கமுடியாது, செகாமட்டுக்கு ஆள் அனுப்பப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காரே அவருக்காக உழைத்துக் குலைந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

என்னைக் கண்டதும் சிங்காரம் இறங்கி ஓடிவந்தான். நான் அவனிடம் கட்டையைக் காட்டினேன், எஞ்ஜினைக் காட்டினேன், கையைச் சாய்த்துக் காட்டினேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டு காதுக்குள் என்னவோ கத்தினான். எஞ்ஜின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. இதென்ன தொல்லை என்று நான் கையை நீட்டி எஞ்ஜினை அணைத்தேன். அவன் தொண்டையை அணைக்க எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. கொல்லை முழுக்க நிசப்தமான அந்த நேரத்தில் அவன் குரல் மட்டும் ஊருக்கே கேட்டது: "மாமாவாலதான் பேரிங் போவுதுன்னு மட்டும் சொல்லிடாதீங்கண்ணே! அவரு மனசு ஒடஞ்சிரும்! போனாப் போவட்டும், நான் ஊத்திக்கிறேன்!"

தட்டில் தண்ணீர்

வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்து, அப்புறம் நிறுத்திக்கொண்டாள். வீராசாமி எழுந்து வந்தார். ஆஜானுபாகுவான ஆள். "நீங்க யாரு?" என்றார். பேரிங் ஊற்றுகிறவன் என்றேன். "என்னால எப்படிப் போவும்? நான் அந்த வண்டியத் தொட்டதே இல்லியே" என்றார். நியாயமான கேள்விதான். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. ஓடுகிற வண்டிதான் கெடும், நிற்கிற வண்டிக்கு என்ன வந்தது என்றே அவரும் நினைத்திருந்தார், சிங்காரமும் நினைத்திருந்தான். சொல்லப்போனால் அதுவரை நானும் அப்படித்தான்.

வாயால் சொன்னால் சண்டையாகிவிடும் என்று பயந்து, ஒரு தட்டில் தண்ணீர் கேட்டேன். மில்லிலிருந்து அந்தப் பெண்ணே, பாக்கியமே, முகத்துணியை அவிழ்த்துவிட்டுக் கொண்டுவந்தாள். தட்டைக் காரின் படிக்கட்டில் வைத்தேன். தண்ணீர் முழுக்க ஒரே பக்கமாக ஓடி முன்னால் வழிந்தது. பின்பாதித் தட்டு காய்ந்து கிடந்தது. "ஆயிலும் இப்படித்தாங்க. முன்னால மூணு பேரு குளிக்கிறாங்க, பின்னால ஒருத்தன் தாகத்துல சாவுறான்" என்றேன். வீராசாமி தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தோட்டத்துப் பெண்கள் முன்னால், மருமகனாக வரப்போகிறவன் முன்னால், ஒரு கறுத்த கை மெக்கானிக் முன்னால் அவர் எப்படித் தோற்பார்? தோற்காமலிருக்க ஏதாவது ஒரு வழி தேடுகிறார் என்பது முகத்தில் தெரிந்தது. "இந்த வண்டி இல்லாட்டி போவுது. ஆனா இவன நம்பி..." என்று ஆரம்பித்தார்.

பாக்கியம் பேசினாள். சிங்காரம் அவள் குரலைக் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவன் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. அவள் கத்தவில்லை. "அப்பா, கார் கெட்டதுக்கு அவுங்க காரணமில்ல, நாமதான். தெரிஞ்சும் உங்க மனசு நோவக்கூடாதுன்னு சொல்லாதீங்கன்றாங்க. செகாமட்டுக்காரங்க இப்படி நெனப்பாங்களா?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மிளகாய் நெடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீராசாமி மகளைப் பார்த்தார். சிங்காரத்தைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்து காலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான், தப்பு செய்தவன் மாதிரி. அவர் சலவை வேட்டியை மடித்துக் கட்டினார், யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. ஜாக்கியை அவரே சுழற்றினார், கட்டையை அவரே உருவினார். வேட்டியெல்லாம் ஆயிலாகிவிட்டது. கார் நாலு சக்கரத்திலும் சமமாக உட்கார்ந்தது. வரிசையில் இருந்த பெண்கள் அப்போதுதான் விழித்துக்கொண்டு, "அய்யோ, எங்க மொளகா?" என்று கூச்சல் போட்டார்கள். வீராசாமி அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரல்ல போட்டு இடிச்சிக்குங்க. தையில எம்பொண்ணுக்குக் கல்யாணம்."

நான் சொல்லாதது

இப்போது உங்களில் எஞ்ஜின் தெரிந்தவர்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். கட்டையை எடுத்திருக்கவே வேண்டாமே, முன்சக்கரங்களுக்கும் அதே உயரத்தில் கட்டை வைத்தால் கார் சமமாகிவிடுமே, மில்லும் ஓடியிருக்குமே, ஆயிலும் நின்றிருக்குமே என்று. உண்மைதான். தட்டில் தண்ணீர் ஊற்றும்போதே எனக்கு அது தெரியும். சொல்வதற்கு வாயையும் திறந்தேன். அந்த மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜாக்கியைச் சுழற்றுவதைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். சில ரிப்பேர்களைச் செய்யாமல் விடுவதும் தொழில்தான்.

தையில் கல்யாணம் நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் பச்சைக் காரிலேயே ஊர்வலம் வந்தார்கள். தவுக்கே ஹார்னுக்குச் சிவப்புக் காகிதம் சுற்றிக் கொடுத்தார். கிராணியார் குடையோடு வந்திருந்தார். வீராசாமி சிறிது காலத்தில் ஒரு பழைய எண்ணெய் எஞ்ஜின் வாங்கி மில்லை ஓட்டினார். மகளுக்கு மட்டும் அரைத்த மிளகாய்த்தூளைத் தானே ஜொகூர் பாருவுக்குச் சுமந்து வந்தார். அப்புறம் நாலாம் நம்பர் பேரிங்குக்கு நான் ஈயம் ஊற்றவே இல்லை. மாமனார் அந்த எஞ்ஜினை வாங்குவதற்கு முன்பு ஒரு நாள் ஆயில் மாற்ற வந்த சிங்காரத்திடம், முன்பக்கக் கட்டை விஷயத்தைச் சொன்னேன். திடுக்கிட்டுப்போய் வாசல்பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டான்: "அலமாக், அத மாமாகிட்ட சொல்லித் தொலைச்சிடாதீங்கண்ணே. ஞாயித்துக்கெழமைதான் நானும் அவளும் மெர்சிங்குக்குப் போய்ட்டு வாரோம்."

இத்தனை வருடத் தொழிலில் நான் கண்டுகொண்டது இதுதான்: சத்தம் காருக்குள் எந்த மூலையில் கேட்டாலும், அதன் காரணம் பெரும்பாலும் காருக்கு வெளியே எங்காவது சாவகாசமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்.